பெரியம்மா வீட்டு நத்தார்ப் படம்: அழுக்குக் காலோடு ஒரு இடையன். இது எந்தக் காலத்துப் பிரிண்ட்?

பெறாமகள்_13:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்குளியில் தனியாக இருந்த பெரியம்மா வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். சாமான்களில் பாதி சொந்தக்காரருக்கும் மீதி குப்பைக்கும் போனது. என் பங்குக்கு வந்தது ஒரு தையல் மெஷினும் ஒரு படமும். மெஷின் நன்றாக ஓடுகிறது. கேள்வி படத்தைப் பற்றி.

இயேசு பிறப்புப் படம். ஏறக்குறைய இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். கறுத்துப்போன தேக்குச் சட்டம், கண்ணாடி, பின்னால் பலகை. நேரம் இரவு. மாட்டுத் தொழுவம் என்று சொல்ல முடியாது, இடிந்த தூண்கள் நிற்கும் ஏதோ பழைய கட்டடம். வைக்கோலில் குழந்தை. விளக்கு இல்லை, லாந்தர் இல்லை, நிலவும் இல்லை. ஆனாலும் குழந்தை கிடக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அடிக்கிறது. மாதா வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறார். அவருடைய நாடி பளிச்சென்று இருக்கிறது, நெற்றி அரை இருட்டில் கிடக்கிறது. சூசையப்பர் பின்னால், தாடி மட்டும்தான் தெரிகிறார். மாட்டுக்கு ஒரு கண்ணும் கொம்பு நுனியும். கீழே கால் கட்டிய ஆட்டுக்குட்டி ஒன்று. மேலே வானதூதர்கள் தலைகீழாகவும் குறுக்காகவும் விழுந்துகொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் உடுப்பு ஒழுங்காக இல்லை.

இனி முக்கியமான விஷயம். இடது பக்கம் கீழ் மூலையில் ஒரு இடையன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழந்தாளில் இருக்கிறான். இரண்டு உள்ளங்காலும் நேராக நம்மைப் பார்த்தபடி. சேறு. குதிவெடிப்புகூட ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கால்கள் ஏறக்குறைய குழந்தை அளவுக்குப் பெரிது.

பெரியம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "ஆண்டவர் பிறந்து கிடக்கிறார், இவன் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான்" என்பார். அதனால் அந்த மூலையை மறைத்துச் சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை கட்டியிருந்தார். மாலை நிறம் போனால் கொச்சிக்கடையில் புதுசு வாங்கி அதே இடத்தில் கட்டுவார். சின்ன வயதிலிருந்து இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வீடு காலி பண்ணும்போது மாலையைக் கழற்றிய பிறகுதான் அங்கே கால்கள் இருப்பதே தெரியும்!

மாலை இருந்த இடத்தில் படத்தின் நிறமே வேறு. இடையனின் துணியில் அந்தப் பட்டை மட்டும் நல்ல இரத்தச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் நீலமும் மண்நிறமும் கலந்த ஒரு மங்கல். படம் முழுக்க ஒருகாலத்தில் இந்தச் சிவப்போடு இருந்ததா?

பெரியம்மாவின் அப்பா கொச்சிக்கடைப் பக்கம் வாங்கியதாம். வீட்டுக்கு வந்த ஒரு ஃபாதர் "இது ரெம்பிராண்ட்" என்று, அந்தப் பழைய ஒல்லாந்து ஓவியரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து என் அண்ணாவின் கணக்கு இலட்சங்களில் ஓடுகிறது. மருதானைப் பக்கம் ஒரு பிரேம் கடையில் காட்டினேன். சுற்றிவர உள்ள வெள்ளை விளிம்பு உக்கிப்போயிருக்கிறது, அதை வெட்டிவிட்டு ஹார்ட்போர்டில் ஒட்டி லெமினேட் பண்ணித் தருகிறேன், புதுசு மாதிரி வரும் என்றார்கள். நத்தாருக்கு முன்னால் பாலன் குடிலுக்கு மேலே கொழுவ ஆசை. லெமினேட் பண்ணலாமா? ரெம்பிராண்ட் கதையில் ஏதாவது உண்மை உண்டா? கடைசியாக, வீட்டில் வைத்துச் செபம் சொல்லும் படத்தில் இப்படிக் காலைப் போட யாருக்கு மனசு வந்தது? போட்டோ இணைத்திருக்கிறேன். கண்ணாடியில் எங்கள் டியூப்லைட்டும் தெரியும், மன்னிக்கவும்.

வெள்ளவத்தை_06:

லெமினேட் மட்டும் வேண்டாம் அக்கா. எங்கள் வீட்டு கலியாணப் படத்தை அப்படிச் செய்து உள்ளுக்குள் முட்டை முட்டையாக ஊதிப்போனது. ரெம்பிராண்ட் என்று சொன்ன ஃபாதருக்கு நல்ல மனசு, வேறென்ன சொல்ல.

பழைய அச்சுக்காரன்:

பிள்ளை, முதலில் ரெம்பிராண்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். இடையர்கள் வணங்கும் காட்சியை ரெம்பிராண்ட் அச்சுப் படமாகவும் செய்திருக்கிறார், 1650களில். செப்புத் தகட்டில் கீறி அமிலத்தால் அரித்து எடுத்தவை. கறுப்பு மை மட்டும். அதில் விளக்கோடு உள்ள ஒன்று, 1654 அளவில் செய்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உங்களுடையது இரண்டடி அகலம், அதுவும் கலர். அண்ணாவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள்.

நான் பென்சன் வரும்வரை அச்சகத்தில் இருந்தவன். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கு விளங்காது, எப்படி அடித்தார்கள் என்று கேட்டால் சொல்வேன். அதற்கு ஒரு லென்ஸ் வேண்டும். முத்திரை சேர்ப்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். பார்க்க வேண்டிய இடம் முகம், அதிலும் கன்னத்தில் வெளிச்சம் இருட்டாக மாறுகிற இடம். அங்கேதான் அச்சுக்காரன் தப்ப முடியாது.

புள்ளிகள் வரிசை வரிசையாக, நாலு நிறமும் சேர்ந்து சின்னச் சின்னப் பூ வட்டங்களாகத் தெரிந்தால் அது ஸ்கிரீன் வைத்துக் கமராவால் பிரித்து அடித்தது. நாங்கள் செய்த வேலை அதுதான். கறுப்புப் புள்ளி வரிசையை 45 பாகை சாய்வில் வைப்போம், நீலத்தையும் சிவப்பையும் 15, 75 என்று அதிலிருந்து முப்பது முப்பது தள்ளி வைப்போம். கோணம் பிசகினால் முகத்தில் அலை அலையாக ஓடும், முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான். உங்கள் படம் அப்படி என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது, எத்தனையோ வீட்டில் இருக்கும்.

புள்ளி உண்டு, வரிசை இல்லை, ஒன்று பெரிது ஒன்று சின்னது, சில இடத்தில் நெருக்கம் சில இடத்தில் ஐது என்றால் அது கல்லச்சு. 1790களின் கடைசியில் ஜெர்மனியில் பவேரியாப் பக்கம் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை. எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது, அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு செய்தது முழுக்க. சொல்ன்ஹோஃபன் என்ற ஊரில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லின்மேல் பசை மையால் வரைவார்கள். பிறகு கலருக்கு ஒரு கல் என்று வந்தது. நல்ல படத்துக்கு எட்டு, பத்து, அதற்கு மேலும் கல் போகும். ஒவ்வொரு கல்லிலும் ஒருவன் குனிந்து இருந்து பேனாவால் புள்ளி புள்ளியாக வைப்பான். கன்னத்தில் சிவப்பு எங்கே தேய வேண்டும், அதன்மேல் சாம்பல் எங்கே ஏற வேண்டும் என்பதெல்லாம் அவன் மனக்கணக்கு. எனக்கு அந்த ஆட்களை நினைத்தால் இன்றைக்கும் மரியாதை.

அடுத்தது, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலே துணி நெய்த மாதிரித் தடம் தெரிந்தால் அது ஓலியோகிராப். கல்லச்சுப் படத்தை எண்ணெய் ஓவியம் போலக் காட்ட, வார்னிஷ் பூசி, கன்வஸ் தடத்தை அழுத்தி எடுப்பார்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து இலட்சுமி, சரஸ்வதி அடித்தாரே, ஜெர்மன் மெஷின், ஜெர்மன் ஆட்கள், வேலை இதே கல்லச்சுதான். செட்டியார் தெருக் கடைகளில் கொழுவியிருந்த பழைய இலட்சுமிக்கும் உங்கள் மாதாவுக்கும் ஒரே தொழிற்பிறப்பு. இது அந்த வகை என்றால் லெமினேட் மெஷினின் சூட்டில் வார்னிஷ் இளகும், தடம் சப்பளிந்துபோகும். பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

புள்ளியே இல்லை, கோடுகள்தான் ஒன்றையொன்று வெட்டி ஓடுகின்றன, படத்தைச் சுற்றிக் கடதாசியில் தகடு அழுத்திய பள்ளம் இருக்கிறது என்றால், பிள்ளை, நானே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன்.

கடதாசியின் வயதுக்கு ஒரு லேசான வழி உண்டு. நோட்டுச் சோதிக்கும் ஊதா லைட் புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் இருக்கும். இருட்டில் படத்தின் பின்பக்கம் அடியுங்கள். 1950 அளவுக்குப் பிறகு வந்த வெள்ளைக் கடதாசியில் பெரும்பாலும் பளபளப்பு மருந்து சேர்த்திருப்பார்கள், நீலமாக ஒளிரும். பழைய கடதாசி சும்மா கிடக்கும்.

மாலைக்கு அடியில் சிவப்பு தப்பியது அதிசயம் இல்லை. வெளிச்சத்தில் முதலில் சாவது சில சிவப்பும் மஞ்சளும். நீலமும் கறுப்பும் நிற்கும். ஆம், படம் முழுக்க அந்தச் சிவப்போடுதான் இருந்திருக்கிறது. வெளிறிய நிறம் திரும்பி வராது. ஆனால் உண்மையான நிறம் என்ன என்பதற்கு இப்போது ஒரு சாட்சி இருக்கிறது, பெரியம்மாவின் புண்ணியத்தில்.

விளிம்பை வெட்டவே வேண்டாம். எழுத்து ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் 'பிங்க்ஸிட்' என்று இருந்தால் அவர் ஓவியர், 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் தகடு செதுக்கியவர். நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெறாமகள்_13:

அங்கிள், நீங்கள் சொன்னபடி பார்த்தோம். அண்ணா சட்டத்தைக் கழற்றினான், எங்கள் தெரு பார்மசிக்காரர் ஊதா லைட் தந்தார்.

புள்ளிகள் வரிசையில் இல்லை. குரக்கன் மா கொட்டின மாதிரிக் கிடக்கின்றன. ஒரு வானதூதரின் கன்னத்தில் மட்டும் ரோஸ், மண்நிறம், நீலச் சாம்பல், மஞ்சள், இன்னொரு வெளிர் மண்நிறம் என்று ஐந்தைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. துணித் தடம் இருக்கிறது! பிரேம் கடைக்காரர் அதை ஈரத்தில் பொங்கியது என்று சொல்லியிருந்தார். ஊதா லைட்டுக்குக் கடதாசி அசையவே இல்லை, என் ஒஃபிஸ் சட்டைதான் பேய் மாதிரி ஒளிர்ந்தது.

விளிம்பில் தூசியைத் தட்டிப் பார்த்தால் வலது பக்கம் மிகச் சின்ன ஆங்கில எழுத்தில் 'பிரின்டட் இன் ஜெர்மனி'. இடது பக்கம் ஒரு இலக்கம். ஓவியர் பெயர் எங்கேயும் இல்லை. அண்ணா கதிரையில் சாய்ந்துவிட்டான்.

பழைய அச்சுக்காரன்:

அப்படியென்றால் ஓலியோகிராப்தான், சந்தேகம் இல்லை. 1887இல் பிரித்தானியா கொண்டுவந்த வியாபாரக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டுச் சாமானில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் போடுவது பெருவழக்கமானது. 1914இல் போர் தொடங்கியதும் பிரித்தானிய ஆட்சி நடந்த இடங்களில் ஜெர்மன் சாமான் நின்றது. இரண்டு போர்களுக்கும் இடையில் திரும்பவும் வந்தது உண்டு, ஆனால் இத்தனை கல் வைத்து வார்னிஷ் பூசும் வேலை அதற்குள் குறைந்துபோனது. நான் 1914க்கு முன் என்று வைப்பேன். இலக்கம், வெளியீட்டாளரின் விலைப்பட்டியலில் உள்ள படத்தின் எண்.

விலை பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் அடித்த படம், நிறமும் வெளிறியிருக்கிறது. இன்றைய விலைக்குத் தேக்குச் சட்டம்தான் அதிகம் போகும்.

மறைக்கல்வி ரீச்சர்:

காலைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒருவரும் வரவில்லையே, நான் வருகிறேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்லிப் பழகியவள், கொஞ்சம் நீளும்.

அந்தக் கால்களின் ஊர் ரோமாபுரி. கரவாஜ்ஜியோ என்ற ஓவியர், 1604க்கும் 1606க்கும் இடையில், புனித அகுஸ்தினார் கோவிலுக்காக லொரேத்தோ மாதா படம் ஒன்று வரைந்தார். மாதா வாசலில் குழந்தையோடு நிற்கிறார், முன்னால் இரண்டு ஏழை யாத்திரிகர்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஆணின் உள்ளங்கால்கள் சேறோடு நம் பக்கம் திரும்பியிருக்கும். பீடத்துக்கு மேலே கொழுவும் படத்தில் முதலில் கண்ணில் படுவதே அந்தக் கால்கள். சனங்கள் அதைப் பார்த்துக் கொக்கரித்தார்கள் என்று அதே காலத்து இன்னொரு ஓவியர், அவரோடு பகையாக இருந்தவர், எழுதி வைத்திருக்கிறார். ஆக உங்கள் பெரியம்மா சொன்னதைத்தான் ரோமாபுரியில் நானூறு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மாவின் மனசு எனக்கு விளங்குகிறது, நம் வீடுகளில் பெரியவர்களுக்கு முன்னால்கூடக் கால் நீட்ட மாட்டோம். ஆனாலும் நான் இடையன் கட்சி.

ஏனென்று சொல்கிறேன். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய சபை, படங்களைப் பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. படிக்காத சனங்களுக்கும் விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்க, மனசை அசைக்கப் படம் வேண்டும் என்பது அதன் சாரம். பரோக் பாணி என்று நாம் சொல்கிற இருட்டும் வெளிச்சமும் சுழற்சியும் எல்லாம் அந்தக் காற்றில் வளர்ந்தவை. இடையனை வரைவதென்றால் இடையனாகவே வரை என்றார் கரவாஜ்ஜியோ. லூக்கா நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். அரண்மனைக்கும் சொல்லவில்லை, ஆலயத்துக்கும் சொல்லவில்லை, இரவில் வயல்வெளியில் கிடை காத்தவர்களுக்குத்தான் முதலில் சொல்லப்பட்டது. அவர்கள் விரைந்து போனார்கள் என்று இருக்கிறது. இருட்டில் வயலுக்குள்ளால் விரைந்து வந்தவனின் கால் எப்படி இருக்கும்? செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் முழந்தாளிட்டிருப்பவர்களுக்குப் பின்னால் நின்று பாருங்கள், தெரியும்.

முதுகைக் காட்டுகிற ஆள் படத்தில் சும்மா வைக்கப்பட்டவர் இல்லை. அவருக்குப் பின்னால் நிற்பது நாம். வரிசையில் அடுத்தது நாம்தான்.

வெளிச்சத்துக்கு வேறு கதை. சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா, பதினான்காம் நூற்றாண்டு, பெத்லகேமுக்கு யாத்திரை போனபோது கண்ட காட்சியில் குழந்தையிலிருந்து புறப்பட்ட ஒளிக்கு முன்னால் சூசையப்பரின் மெழுகுதிரி வெளிச்சமே இல்லாமல் போனதாம். ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1530 அளவில் கொரெஜ்ஜியோ என்பவர் வரைந்த இரவுக் காட்சி இப்போது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் இருக்கிறது. அதில் ஒரு பெண் குழந்தையின் வெளிச்சம் தாங்காமல் கையால் கண்ணை மறைக்கிறாள். அவர் பரோக்குக்கு முந்தியவர், ஆனால் வாசலைத் திறந்து வைத்தவர். பிறகு வந்தவர் ஹொன்தோர்ஸ்ட், ஒல்லாந்தில் உட்ரெக்ட் ஊர்க்காரர். ரோமாபுரிக்குப் போய்க் கரவாஜ்ஜியோவின் இருட்டைக் கற்றுக்கொண்டு வந்தார். இரவுக் காட்சிகளை அப்படி வரைந்ததால் இத்தாலிக்காரர் அவரை 'இரவுகளின் கெரார்தோ' என்றே கூப்பிட்டார்கள். 1622இல் அவர் வரைந்த இடையர் படம் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் இருக்கிறது. மாதா வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்ட, கீழேயிருந்து வெளிச்சம் முகங்களில் ஏறுகிறது. உங்கள் மாதாவின் கைகள் அங்கேயிருந்து வந்தவை என்று நினைக்கிறேன்.

கால் கட்டிய ஆட்டுக்குட்டி பலியைக் குறிக்கும், ஸ்பெயின்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. மாடு லூக்காவில் இல்லை, எசாயா முதலாம் அதிகாரத்தில் மாடு தன் உடைமையாளனை அறியும் என்ற வசனத்திலிருந்து படங்களுக்குள் நடந்து வந்தது. வானதூதர்களைப் பற்றி என் அபிப்பிராயம், கொஞ்சம் அதிகம். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

ஆக இது ஒரே ஓவியத்தின் கொப்பி அல்ல. பெயர் தெரியாத ஜெர்மன் அச்சகக் கலைஞர் ஒருவர் கால்களை ஒரு இடத்தில், கைகளை ஒரு இடத்தில், ஆட்டை ஒரு இடத்தில் எடுத்து ஒரு சுவரில் கொழுவுகிற அளவுக்குச் சேர்த்திருக்கிறார். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். அசல்களுக்கு என்ன நடந்தது பாருங்கள். சிசிலியில் பலெர்மோ நகரத்துச் சிற்றாலயத்தில் இருந்த கரவாஜ்ஜியோவின் பிறப்புப் படத்தை 1969 ஒக்டோபரில் சட்டத்திலிருந்து வெட்டிக் கொண்டுபோனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. ஹொன்தோர்ஸ்ட் வரைந்த இன்னொரு இடையர் படம் புளோரன்ஸில் உஃபிட்சி கூடத்தில் இருந்தது, 1993 குண்டுவெடிப்பில் நாசமாகியது. குண்டு வைத்தது மாஃபியா, பலெர்மோத் திருட்டிலும் அவர்கள் பெயர்தான் அடிபடுகிறது. மட்டக்குளியில் தொங்கிய படத்துக்கு நிறம் மட்டும்தான் போனது.

இன்னொன்று, சும்மா. ஹொன்தோர்ஸ்ட் இறந்தது 1656. அதே வருடம்தான் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை இங்கே தடுத்தார்கள், 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் மறைந்து வர வேண்டியிருந்தது. அவர்களுடைய சொந்த ஊர்க்காரர் வரைந்த மாதா இங்கே வருவதற்கு ஜெர்மன் அச்சகமும் வெள்ளைக்காரன் கப்பலும் தேவைப்பட்டன.

பெறாமகள்_13:

ரீச்சர், இதை அப்படியே பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுக்குட்டி, பிரிஜித்தா எல்லாம் காதில் ஏறவில்லை. "ரோமாபுரியிலும் சொன்னார்களா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டார். இடையன் கட்சிக்கு மாறுவதாகத் தெரியவில்லை.

லெமினேட் இல்லை என்று முடிவு. ஆனால் பிரேம் எப்படிப் போடுவது? பின்னால் இருந்த பலகையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, கடதாசியில் தேமல் மாதிரி மண்நிறப் புள்ளிகள். ஈரத் துணியால் மெதுவாகத் துடைக்கலாமா?

கடதாசிப்பூச்சி:

துடைக்க வேண்டாம்! நூலகத்தில் பழைய கடதாசி திருத்தும் வேலையில் இருப்பவள் சொல்கிறேன், ஈரத் துணி, பாண் துண்டு, வெட்டின உருளைக்கிழங்கு, ஒன்றும் வேண்டாம். வார்னிஷில் வெடிப்பு இருக்கும், தண்ணீர் அதற்குள்ளால் இறங்கிக் கடதாசியைப் பொங்க வைக்கும், நிறம் செதில் செதிலாக வரும். மெல்லிய மயிர்த் தூரிகையால் தூசியை ஒரு பக்கமாகத் தள்ளுங்கள், அவ்வளவுதான். மஞ்சளான வார்னிஷைக் கரைத்து எடுக்கலாம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இந்தக் கடதாசிக்கு அது தாங்காது.

மண்நிறத் தேமல் ஈரத்தாலும், கடதாசிக்குள் இருக்கும் இரும்புத் துணுக்காலும், பூஞ்சணத்தாலும் வருவது. கொழும்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலே, பூஞ்சணத்துக்கு அதுவே போதும். போன தேமல் போகாது, கூடாமல் பார்க்கலாம். பழைய பலகை கட்டாயம் போக வேண்டும். மரத்திலிருந்து அமிலம் ஊறிக் கடதாசியைப் பொரிய வைக்கிறது, ஓட்டை போட்ட ஆட்களும் உள்ளேயே இருப்பார்கள். பலகையைக் கழற்றும்போது படத்தின் பின்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். இராமபாணம் என்ற கடதாசி தின்னும் பூச்சி பழைய பசையைத் தேடித்தான் வரும்.

தேக்குச் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உட்காரும் உள்தவாளியை வெயிலில் காயவிட்டு, வண்டு இல்லை என்று தெரிந்த பிறகு பாவியுங்கள். அமிலம் இல்லாத மவுண்ட் போர்ட் (தடித்த அட்டை) முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. முன் போர்டில் ஜன்னலைப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள், அப்போது விளிம்பும் எழுத்தும் இலக்கமும் வெளியே தெரியும். மவுண்ட் இருந்தால்தான் கண்ணாடி படத்தில் முட்டாது. முட்டினால் மழைக்காலத்தில் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டும். படத்தைப் பின் போர்டில் செலோடேப்பால் ஒட்டவிட வேண்டாம், மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பான் கடதாசித் துண்டு இரண்டை மாப்பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். பிரேம் கடைக்காரர் சிரிப்பார். நீங்களே செய்து கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொழுவும் இடம்: வெளிச்சுவர் வேண்டாம், மழை அடித்தால் அது குடிக்கும். உள்சுவரில், யன்னலுக்கு எதிரே இல்லாமல். சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் பின்னால் ஒரு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும். நூதனசாலைகளில் கடதாசிப் படத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுவார்கள். வீட்டில் அந்தக் கணக்குப் பார்க்க முடியாது, ஆனால் பாலன் குடில் பல்புகளைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டாமல் இருக்கலாம். மெழுகுதிரி நேராகக் கீழே வேண்டவே வேண்டாம், புகை.

பெறாமகள்_13:

ஐயோ, பல்பு கட்டும் திட்டம் அண்ணாவிடம் இருந்தது, நிறுத்திவிட்டேன். மவுண்ட் போர்டை இந்தச் சனிக்கிழமை தேடப் போகிறேன்.

வெள்ளவத்தை_06:

கடதாசிப்பூச்சி அக்கா, கேட்கக் கூடாதா தெரியாது. எங்கள் வீட்டில் திரு இருதயப் படம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கிறது. அம்மா நீராவி பிடித்து உரிக்கலாம் என்கிறா.

கடதாசிப்பூச்சி:

அம்மாவிடம் கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்து, முன்னும் பின்னும் போட்டோ எடுத்துப் புது இழையில் போடுங்கள் தம்பி, அங்கே பார்ப்போம்.